வீட்டுத் தோட்டத்தைக் கலைத்துப் புதிதாக அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருச்சியில், திருவெறும்பூர் பக்கம். 40க்கு 60 மனை, 2400 சதுர அடி, சென்ட் கணக்கில் ஐந்தரை. கிழக்குப் பார்த்த வீடு. வீடு போக வாசலில் 12 அடி, கொல்லையில் 15 அடி, வடக்கே 5 அடிச் சந்து, தெற்கே 3 அடிச் சந்து. இருபது வருஷமாக யார் யாரோ கொடுத்ததையெல்லாம் நட்டு நட்டு, கடைசியில் துணிக்கொடிக்குப் போகவே கிளையை விலக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மொத்தத்தையும் கலைத்துப் போட்டு மறுபடி அமைத்தோம். அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுகிற கேள்விகள்தான் இவை. நான் தோட்டக்கலை படித்த ஆள் இல்லை. செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாமா?

போகாதீர்கள். போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். நர்சரி கடைசி வேலை.

முதல் வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு வாரத்துக்கு, வீட்டில் யார், எந்த நேரத்தில், எதற்காக வெளியே வருகிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் இருந்தவை இவைதான்: காலை ஆறு மணிக்கு அம்மா பூப்பறிக்க, ஏழு மணிக்குத் துணி உலர்த்த, பத்து மணிக்குக் கீரை ஆய, மாதம் ஒருமுறை கேஸ் சிலிண்டரைச் சந்து வழியாகப் பின்னால் உருட்டிக்கொண்டு போக, ஸ்கூட்டர் இரண்டு, சாயங்காலம் தங்கை மகனின் பந்து, எப்போதாவது செப்டிக் டேங்க் லாரியின் குழாய். ‘அழகு’ என்று யாருமே எழுதவில்லை.

எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலை வெயில் முழுசாக விழுகிற வாசல் பக்கத்தில், யாரும் தொடாத குரோட்டன்ஸும் சிமெண்ட் தொட்டியும். தினமும் வேண்டிய கீரைப் பாத்தியோ கொல்லையில், தென்னை நிழலில், நோஞ்சானாக. இரண்டையும் இடம் மாற்றினோம். நாங்கள் செய்த மாற்றத்தில் பாதி இவ்வளவுதான், மீதி எல்லாம் இதற்கான குழாய் வேலையும் மண் வேலையும். உங்கள் வீட்டில் வேறு ஏதாவது ஒன்று இப்படித் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும், அதைக் கண்டுபிடித்தாலே போதும்.

வரைபடம் போட வேண்டுமா? டிசைனர் வைக்க வேண்டுமா?

ஐந்தாறு சென்டுக்கு டிசைனர் வேண்டாம் என்பது என் கருத்து. சரிவான மனை, பெரிய சுவர், மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் இருந்தால் மட்டும் ஒரு சிவில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வரைபடம் அவசியம். கணக்கு நோட்டுக் கட்டத்தாள் போதும், ஒரு கட்டம் ஒரு அடி. வீடு, கதவு, ஜன்னல், குழாய், போர், சம்ப், செப்டிக் டேங்க், கரண்ட் லைன், கழிவுநீர்க் குழாய் ஓடும் வழி, இருக்கிற மரம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். கழிவுநீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று வீடு கட்டிய கொத்தனாருக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிலைமை பல வீட்டில் உண்டு. கடப்பாரை போட்டுத் தெரிந்துகொள்வதைவிட அவரைக் கேட்டுவிடுவது மலிவு.

அப்புறம் அந்த வரைபடத்தைத் தரையில் கோலமாவால் போடுங்கள். கல்மாவு வாங்குங்கள், அரிசிமாவு போட்டால் மறுநாள் காலை எறும்பு உங்கள் பாதையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பாதை, பாத்தி, பெஞ்சு எல்லாம் நிஜ அளவில். எங்கள் வீட்டில் நான் பாதையை இரண்டு அடி அகலத்தில் போட்டிருந்தேன், தாளில் அது தாராளமாகத் தெரிந்தது. அம்மா ஈரத்துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் நடந்தார். கொடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் கோட்டை மிதித்திருந்தார். கல்மாவில் கால் தடம் அப்படியே தெரிந்தது. அன்றைக்கே மூன்றடியாக மாற்றினோம். நான்கு நாள் அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டுப் பாருங்கள், வீட்டில் எல்லோரும் எங்கே குறுக்கே போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்தக் குறுக்கு வழியைப் பாதையாகப் போட்டுவிடுவது நல்லது. அதில் செடி வைத்தால் செடிதான் சாகும்.

வெயில் எங்கே எவ்வளவு விழுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு ஒரே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வையுங்கள். ஆனால் ஒரு நாள் எடுத்ததை வைத்து முடிவு செய்தால் நான் ஏமாந்த மாதிரி ஏமாறுவீர்கள்.

‘வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்’ என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய தோட்டக் குறிப்புகளில் இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை உச்சிக்கு நேராக வந்து கடந்து போகிறது. திருச்சியில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். சென்னையில் இந்தக் காலம் கொஞ்சம் குறைவு, நாகர்கோவிலில் கொஞ்சம் கூடுதல். மார்கழியில் அது தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். 10 அடிச் சுவருக்கு மார்கழி மதியத்தில் வடக்கே கிட்டத்தட்ட 7 அடி நிழல். அதே சுவருக்கு ஆனி மாதம் மதியம் தெற்கே 2 அடிதான், வடக்குப் பக்கம் வெட்டவெளி.

நான் மார்கழியில் வடக்குச் சந்தைப் பார்த்தேன். குளுகுளுவென்று நிழல். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று வெற்றிலைக் கொடி வைத்தேன். மாசி, பங்குனி வரை தளதளவென்று வந்தது. வைகாசியில் இலை ஓரமெல்லாம் கருகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இப்போது அங்கே நான்கு மாதத்துக்கு மட்டும் பச்சை நிழல்வலை கட்டுகிறோம், பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீதம் வலை. ஆவணியில் அவிழ்த்து மடித்துவிடுவோம்.

இன்னொன்று, மேற்கு வெயில். கொல்லை மேற்கே இருந்தால் மாலை வெயில் சுவரைச் சுட்டு, ராத்திரி பத்து மணி வரை அடுப்படி தகிக்கும். அங்கே மரமோ பந்தலோ வைப்பது தோட்டத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் சேர்த்துச் செய்கிற வேலை. நாங்கள் ஜிஐ பைப்பில் பந்தல் போட்டோம். ஆடியில் அவரையும் பீர்க்கையும் போட்டால் பீர்க்கை சீக்கிரம் ஏறி மூடிவிடும், அவரை நிதானமாக வந்து மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும்.

இருக்கிற மரங்களை வெட்டலாமா? மனசு வரவில்லை.

வரக்கூடாதுதான். ஆனால் எல்லா மரத்தையும் வைத்துக்கொண்டு தோட்டத்தை மாற்றவும் முடியாது. நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்த மரம் இன்று இல்லாமல் இருந்தால், இதே இடத்தில் இதையே கொண்டுவந்து நடுவேனா?

எங்கள் கொல்லையில் இரண்டு தென்னை, நடுவில் 8 அடிதான் இடைவெளி. தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும் என்பது தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்று வெளிச்சம் தேடிப் பக்கத்து வீட்டுக் கூரை மேல் சாய்ந்திருந்தது. அதை எடுத்தோம். மற்றது அடுத்த வருஷமே குலை பெருத்தது. வைத்த தென்னைக்குக் கீழே உட்காரும் இடமோ ஸ்கூட்டரோ வராமல் பார்த்துக்கொண்டோம், தேங்காய் விழாவிட்டாலும் மட்டை விழும்.

காற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் எத்தனை மரம் சாய்ந்தது, 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் தென்னைகளை என்ன செய்தது என்பதைப் பார்த்த பிறகு, வீட்டை ஒட்டி உயரமாக வளரும் மரத்தை வைக்க எனக்குத் தைரியமில்லை. வேப்பமரம் வேண்டுமானால் காம்பவுண்ட் ஓரம், வீட்டிலிருந்து தள்ளி. சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை மட்டும் பாவம் பார்க்காதீர்கள், விரல் நீளத்தில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். கரண்ட் கம்பியைத் தொடுகிற கிளையை நீங்களே வெட்டக்கூடாது, மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தி வெட்டச் சொல்லுங்கள்.

முருங்கை பிரியர்களுக்கு: பழைய மரமுருங்கை பெரிதாகி, கிளை ஒடிந்து, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவர் முழுக்க ஊர்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டோம். அதை எடுத்துவிட்டுச் செடிமுருங்கை வைத்தோம், பெரியகுளம் 1 என்று கேட்டு வாங்குங்கள். விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்க்கும், வருஷம் ஒருமுறை மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். எட்டிப் பறிக்கிற உயரத்திலேயே இருக்கும், கம்பளிப்பூச்சி வந்தாலும் கண்ணுக்கு முன்னால் வரும்.

மண் சரியில்லை, எது வைத்தாலும் மஞ்சளாகிறது. மொத்தத்தையும் தோண்டி மாற்ற வேண்டுமா?

மொத்தத்தையும் மாற்ற வேண்டியதில்லை, முதலில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டித் தோண்டினால் பெரும்பாலும் செங்கல் துண்டு, ஜல்லி, காய்ந்த சிமெண்ட் கட்டி, டைல்ஸ் சில்லு வரும். வீடு கட்டியவர்கள் மிச்சத்தை அங்கேயே தள்ளி மேலே நாலு சட்டி மண் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சிமெண்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும், இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி இலை மஞ்சளாக நிற்கும். அதற்கு உரம் போட்டு என்ன பிரயோஜனம்? குப்பையை அள்ளுங்கள்.

அடுத்து, அதே குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் நான்கு மணி நேரம் கழித்தும் நின்றால் வடிகால் மோசம். அங்கே எலுமிச்சை, பப்பாளி, மாதுளை எதுவும் நிற்காது, பாத்தியை மேடாக்கித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கூட வேப்பம்புண்ணாக்கு கைப்பிடி என்று கலந்தோம். தொழுவுரம் மட்கியதா என்று கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், சாண வாசனை அடித்தால் இன்னும் ஆகவில்லை. சந்தேகம் தீரவேண்டுமானால் மாவட்டத்தில் இருக்கும் அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ அரைக் கிலோ மண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு மேல் நான் நம்புவது மூடாக்கு ஒன்றைத்தான். உதிர்ந்த இலையைப் பெருக்கிக் கொளுத்துகிற பழக்கத்தை விட்டு, அதைச் செடியைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்பினோம், தண்டை ஒட்டாமல். கோடையில் தினமும் ஊற்றிய இடத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றாகிவிட்டது.

போர் தண்ணீர் உப்பு. என்ன செய்ய?

சொட்டுநீர்க் குழாய் போட்டு உப்பை இனிப்பாக்க முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீருக்குத் தாங்குகிற செடியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. தென்னை, சப்போட்டா, அரளி இவை தாங்கும். ரோஜாவும் பீன்ஸும் தாங்காது. ரோஜா வேண்டும் என்றால் நான்கு தொட்டியில் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

அப்புறம் மழைத்தண்ணீர். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது குழாய் இறக்கிய வீடுகள் நிறைய, அந்தக் குழாய் இப்போது எங்கே போகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் அது உடைந்து தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சேதாரம் போனாலும் 700, 750 லிட்டர் கைக்கு வரும். அதை ஒரு வடிகட்டி வழியாக சம்புக்கும், நிரம்பி வழிவதை வாழைப் பக்கம் உறை இறக்கிய குழிக்கும் திருப்பினோம்.

அடுப்படித் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும். இது பாட்டி காலத்து ஏற்பாடு, பாத்திரம் கழுவின தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழை அடிக்குப் போகும். இப்போதும் அதேதான், வாய்க்காலுக்குப் பதில் பைப். வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் கீரைக்கோ காய்கறிக்கோ விடாதீர்கள், சோப்பு உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

வெளியூர் போகிற நாட்களுக்கு மண் பானை. அடியில் சின்ன ஓட்டை, அதில் திரி, கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால் மூன்று நாலு நாள் தாங்கும்.

வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக என்ன மாற்றலாம்?

எங்கள் வீட்டு மாற்றத்துக்கே இதுதான் காரணம். அம்மாவுக்கு 72 வயசு, முட்டிவலி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் களையைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க மாட்டார்.

வாசலில் குரோட்டன்ஸ் இருந்த இடத்தில் இரண்டடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மேட்டுப் பாத்தி போட்டோம், 8 அடி நீளம், உள்ளே 3 அடி அகலம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும். ஒரு பக்கம் மட்டும் போக முடிகிற இடமென்றால் 2 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். கொத்தனார் நாலரை அங்குலச் சுவர் போதும் என்றார், நான் ஒன்பது அங்குலம் கேட்டேன். ஏனென்றால் அந்தச் சுவர்தான் திண்ணை. மேலே வழுவழுவென்று பூசி, முனையை உருட்டிவிட்டோம். இப்போது அம்மா அதன் மேல் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக் களை எடுக்கிறார், அங்கேயே கீரை ஆய்கிறார், வேரை அப்படியே பாத்திக்குள் போட்டுவிடுகிறார். தெருவில் போகிறவர்களோடு பேச்சும் நடக்கிறது, அதுதான் முக்கியம்.

முழு உயரத்துக்கும் மண் நிரப்ப வேண்டாம். கீழ் ஓரடிக்குத் தேங்காய் மட்டை, வெட்டிய கிளை, சருகு. மேல் ஓரடிக்குத்தான் மண் கலவை, எங்கள் பாத்திக்கு 24 கன அடி, அதாவது கிட்டத்தட்ட கால் யூனிட் (லோடு கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி). முதல் வருஷம் நாலைந்து அங்குலம் இறங்கும், பயப்படாமல் மேலே போடுங்கள்.

பாதையில் படி வேண்டாம், சரிவு போடுங்கள். வழுக்கும் டைல்ஸ் கூடவே கூடாது. சக்கர நாற்காலி வருமென்றால் பாதை 4 அடி. குழாய் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். ஹோஸை இழுத்துக்கொண்டு போவதுதான் வயசானவர்களைத் தடுக்கி விழவைக்கிறது, அதனால் ஒரு குழாய்க்குப் பதில் மூன்று இடத்தில் குழாய் வைத்தோம்.

சின்னக் குழந்தை, நாய் இருக்கிற வீட்டில் எதை வைக்கக்கூடாது?

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி. இவை நிஜமாகவே விஷம். வீட்டுக்குள் அலங்காரத்துக்கு வைக்கும் டிஃபன்பாச்சியா இலையைக் குழந்தை கடித்தால் வாய் வீங்கிவிடும். எலுமிச்சையும் காகிதப்பூவும் முள், பாதையிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள்.

புல்தரை போடலாமா?

தண்ணீர் இருக்கிறதா, வாரம் ஒருமுறை வெட்ட ஆள் இருக்கிறதா, நல்ல வெயில் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் போடுங்கள். எனக்கு மூன்றில் ஒன்றுதான் இருந்தது, அது வெயில். பந்து விளையாட ஓரிடம் வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறோம். பச்சையாக இருந்தே ஆகவேண்டும் என்றால் பொடுதலை படரவிடுங்கள், நம் ஊர்ச் செடி, மிதித்தாலும் தாங்கும், சின்னச் சின்னப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும்.

பராமரிப்பே வேண்டாம், மொத்தமாகச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

இந்தச் சண்டையில் நான் வரவில்லை. ஆனால் அவரைச் சித்திரை மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் தரையில் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். அந்தச் சூடு ஜன்னல் வழியாக உள்ளேதான் வரும். ஐப்பசியில் அதே தரையில் விழும் மழை முழுக்கத் தெருவுக்கு ஓடும், உங்கள் போருக்கு ஒரு சொட்டு இறங்காது.

வண்டி நிற்கும் இடத்துக்குச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டையில் மட்டும் பேவர் பிளாக் போதும். மற்ற பாதைக்குக் கடப்பைக் கல்லைத் துண்டுகளாக, நடுவில் இரண்டு அங்குலம் விட்டுப் பதியுங்கள், அடியில் சிமெண்ட் இல்லாமல் எம்-சாண்ட் மேல். குழாய் உடைந்தால் கல்லைத் தூக்கிவிட்டு வேலை பார்க்கலாம். பராமரிப்பு குறைய வேண்டும் என்றால் செடி வகையைக் குறையுங்கள். இருபது வகையில் ஒவ்வொன்று வைப்பதைவிட ஐந்து வகையில் நாலு நாலு வைத்தால் வேலை பாதி. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, பவளமல்லி, நித்தியமல்லி என்று நின்றுவிட்டால் பூஜைக்கும் ஆச்சு.

காய்கறி எவ்வளவு கிடைக்கும்? வெளியில் வாங்க வேண்டியிருக்காதா?

வாங்க வேண்டியிருக்கும். 8க்கு 3 பாத்தியில் கீரை, மிளகாய், கொத்தமல்லி, ஆறேழு கத்தரி. கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் மரத்திலிருந்து. எங்கள் வீட்டுக்குக் கீரையும் கறிவேப்பிலையும் வாங்குவது நின்றுவிட்டது, வெங்காயமும் உருளையும் கடைதான். கீரைக்கு மூன்று, நாலு மணி நேர வெயில் போதும். காய் காய்க்கிற எதற்கும் ஆறு மணி நேரம் வேண்டும். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம், ஆனால் பாத்தி முழுக்க ஒரே நாளில் விதைக்காதீர்கள், வாரம் ஒரு கைப்பிடி அகலம் விதைத்தால்தான் தொடர்ந்து வரும்.

எலுமிச்சைக் கன்றிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. மரம் பெரிதானால் விட்டுவிடுங்கள், கன்று என்றால் எடுத்து வேறு மரத்தில் விடுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள்.

செடி வைத்தால் பாம்பு வருமே?

செடிக்காகப் பாம்பு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வருகிறது. எலி எதற்கு வருகிறது? ‘இருக்கட்டும், உபயோகமாகும்’ என்று மூலையில் அடுக்கிவைத்த செங்கலுக்கும், விறகுக்கும், உடைந்த டைல்ஸுக்கும். அதைக் காலி செய்யுங்கள். சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று நாலு பேர் சொல்வார்கள், எங்கள் கொல்லையில் சிறியாநங்கைப் புதருக்கு அடியிலேயே ஒரு சாரை சட்டை உரித்துப் போட்டிருந்தது. அந்தச் செடியைக் கசாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதரின் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஓரடிக்கு நீக்கிவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். பாதையில் இரண்டு விளக்கு. பாம்பைப் பார்த்தால் கம்பைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை, விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

கொசு?

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, மடித்துப் போட்ட தார்ப்பாய். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. அல்லித் தொட்டி வைத்தால் நாலு கப்பி மீன் விடுங்கள்.

வாஸ்து பார்க்க வேண்டாமா?

பெரிய மரம் தெற்கிலும் மேற்கிலும், வடகிழக்கு திறந்து இருக்கட்டும் என்பார்கள். மாலை வெயில் மறையும், காலை வெயில் உள்ளே வரும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எவ்வளவு செலவாகும், எந்த வரிசையில் வேலை பார்ப்பது?

தொகை சொன்னால் ஊருக்கு ஊர் பொய்யாகிவிடும். பங்கு சொல்கிறேன்: எங்களுக்குப் பெரும்பகுதி கொத்தனார் வேலை, குழாய், மண், இந்த மூன்றில் போனது. செடிக்கு ஆனது மிகக் கொஞ்சம், பாதிக்கு மேல் போத்து வெட்டியும் பதியம் போட்டும் பழைய தோட்டத்திலிருந்தே எடுத்தது. ஒரே நேரத்தில் பணம் இல்லையென்றால் இரண்டு வருஷமாகப் பிரித்துச் செய்யலாம், ஆனால் தரைக்கு அடியில் போகிற பைப்பையும் ஒயரையும் மட்டும் முதலிலேயே மொத்தமாகப் போட்டுவிடுங்கள்.

வரிசையில்தான் நான் சொதப்பினேன். ஆள் கிடைத்தார் என்று பாதையை முதலில் போட்டுவிட்டேன். அப்புறம் மண் லோடு வந்தது. டிராக்டர் உள்ளே ஏறினால் கல் உடையும், ஏறாவிட்டால் மண் தெருவில். தெருவில்தான் கொட்டினார்கள். இரண்டு ஆள் இரண்டு நாள் சட்டியில் அள்ளிப் போட்டார்கள், அப்படியும் மழை பிடித்து ஒரு பங்கு சாக்கடைக்குப் போனது, எதிர்வீட்டு மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆகவே: முதலில் வெட்டுவது, அள்ளுவது. அடுத்து பைப், ஒயர். பிறகு சுவர், பாத்தி கட்டு. பிறகு மண் உள்ளே. அதற்கப்புறம்தான் பாதை. மரக்கன்று, புதர்ச்செடி, கடைசியாகக் கீரை.

எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

இடிக்கிற வேலையும் கொத்து வேலையும் பங்குனி, சித்திரையில், மழைத் தொந்தரவு இருக்காது, கொளுத்துகிற வெயிலில் எது தாங்கும் என்பதும் கண்ணுக்குத் தெரியும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது காய்கறிக்குச் சரி. மரக்கன்றுகளுக்கு நான் புரட்டாசிக் கடைசி வரை காத்திருப்பேன், வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் தானே தண்ணீர் ஊற்றிவிடும், அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். வாழைக்கு மட்டும் காற்றுக்கு முட்டு கொடுங்கள்.

வாடகை வீடு என்றால்?

பெயிண்ட் டப்பா, குரோ பேக், ஒரு நிழல்வலை. தரையில் காசைப் போடாதீர்கள்.

எல்லாம் ஒழுங்காக அமைத்துவிட்டோம். சொந்தக்காரர்கள் செடி கொடுத்தால் எப்படி மறுப்பது?

மறுக்க முடியாது, முயற்சி செய்து பார்த்துவிட்டேன். பழைய தோட்டம் அந்தக் கதியானதே அதனால்தான். இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். தெற்குச் சந்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. வருகிற செடி எதுவானாலும் தொட்டியோடு மூன்று மாதம் அங்கே. அதற்குள் கட்டத்தாளில் அதற்கென்று ஒரு கட்டம் கிடைத்தால் தரைக்கு வரும், கிடைக்காவிட்டால் அடுத்து வருகிறவர் கையில் கொடுத்தனுப்பிவிடுவோம். தை மாதம் சித்தி கொண்டுவந்த காகிதப்பூ இன்னும் பலகையில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள்.